மயானத்துக்குப் போகும் இட்டேரியை மீட்க மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். அடுத்து யாரிடம் போவது?

கேள்வி: மேட்டாங்காட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டாங்காட்டில் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர்ப் பெயரையும் வட்டத்தின் பெயரையும் நான் எழுதாத காரணம் படிக்கும்போது விளங்கும். ஊருக்குக் கிழக்கே எங்கள் அருந்ததியர் குடியிருப்பில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து எங்கள் மயானத்துக்கு ஓர் இட்டேரி போகிறது. இரு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டுவண்டி தாராளமாகப் போய்வரும் அகலம் என்றுதான் என் சிறு வயதில் அந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், தடத்தை ஒட்டிய தோட்டத்துக்காரர் கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார். அதன்பின் கம்பியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கால்கள் சற்றே உள்ளே நகர்ந்தன. இப்போது ஓரிடத்தில் அகலம் மூன்றடிதான். சென்ற ஐப்பசியில் எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) இறந்தபோது அந்த வழியாகத்தான் தூக்கிச் சென்றார்கள். பாடையை முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகத் தோள் கொடுத்துச் சுமக்க வேண்டும்; இருவர் பக்கம் பக்கமாக நடக்க மூன்றடி போதாது. என் சித்தப்பாவின் வலது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கம்பி கிழித்திருந்தது. அவர் தோளை மாற்றாமல் வந்து சேர்ந்தார். மார்கழியில் நடந்த அடுத்த சாவுக்கு, தார்ச்சாலையில் இரண்டு மைல் சுற்றி, ஓடைக்குள் இறங்கி ஏறிப் போனோம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். முதல் இரண்டு முறையும் ‘தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. மூன்றாவது முறை, ‘மேற்படி நிலம் பட்டா நிலம் என்பதால் மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்’ என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதுவரை ஒருவரும் அந்தத் தடத்தில் வந்து நின்று பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் தந்தை உட்பட எங்கள் குடியிருப்பில் ஆறு பேருக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. நான் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுவதால் மனுவில் என் பெயரை மட்டும் போட்டேன். தந்தைக்கு இதனால் வேலை போய்விடுமோ என்று அம்மா தினமும் கேட்கிறார். எங்கே தவறினேன், அடுத்து யாரிடம் போவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

அம்மிணி, உங்கள் சித்தப்பாவின் கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமக் கணக்கு எழுதியவன் என்ற முறையில், உங்கள் மனுவுக்கு நேர்ந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்சியரிடம் கொடுத்த மனு வட்டாட்சியருக்கு வரும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு வரும். அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு வரும். அவர் எழுதும் அறிக்கை அதே படிகளில் ஏறி மேலே போகும். ஆகவே ஆட்சியர் பெயருக்கு எழுதிய மனுவுக்கு உண்மையில் விடை எழுதுபவர் உங்கள் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்தான். மனுவில் புல எண் (சர்வே எண்) இல்லையென்றால், தோட்டத்துக்காரரின் பட்டாவைப் பார்த்துவிட்டு, ‘பட்டா நிலம், நீதிமன்றத்தை அணுகலாம்’ என்று எழுதி அனுப்புவது அவருக்கு மிக எளிது. அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். இடத்தைப் போய்ப் பார்க்காமல் எழுதிய நாட்களும் உண்டு. அதற்காக இன்று வருந்துகிறேன். இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

நீங்கள் முதலில் தேட வேண்டியது மனு எழுதும் தாளை அல்ல, ஆவணத்தை. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த இட்டேரிக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருந்து, அ-பதிவேட்டில் அதற்கு நேரே ‘வண்டிப்பாதை புறம்போக்கு’ என்றோ ‘பாதை’ என்றோ இருந்தால் அது அரசு நிலம். அதில் நட்ட கல்லுக்கால் ஆக்கிரமிப்பு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் அறிவிப்புக் கொடுத்து, 6ஆம் பிரிவில் அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இருக்கிறது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம் தேவையில்லை. தனி எண் இல்லாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே பாதை ஓடினாலும், புலப்படத்தில் அதைப் புள்ளிக் கோடுகளாகக் காட்டியிருக்கக் கூடும். அப்படி இருந்தால் அதுவும் உங்களுக்குச் சான்றுதான்.

இரண்டிலும் இல்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது, எத்தனையோ பாதைகளும் ஓடைகளும் பக்கத்துப் பட்டாக்களோடு சேர்ந்துபோயின. வேண்டுமென்றே நடந்தவையும் உண்டு, கைப்பிழையாக நடந்தவையும் உண்டு. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் வட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால், ‘பழைய ஏடு பொடிந்துவிட்டது’ என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பொடிந்துவிட்டது என்பதைக்கூட எழுத்தில் வாங்குங்கள்.

ஜமாபந்திக்கு உங்கள் கிராமம் எந்த நாள் என்று தெரிந்துகொண்டு அன்றைக்கும் ஒரு மனுவோடு போங்கள். மே, ஜூன் மாதங்களில் நடக்கும் அந்த வருவாய்த் தீர்வாயத்தில் மட்டும்தான் கிராமக் கணக்குகள் எல்லாம் மேலதிகாரி முன்னால் மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கும். புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் அதற்குப் ‘பி மெமோ’, அதாவது ஆக்கிரமிப்பைப் பதிவு செய்யும் குறிப்பு, போட்டிருக்க வேண்டும். ‘இந்தப் புல எண்ணுக்குப் பி மெமோ போடப்பட்டிருக்கிறதா?’ என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பதில்: நொய்யல் கரை விவசாயி

பெரியவர் ஆவணத்தைப் பற்றிச் சொன்னதை வழிமொழிகிறேன். எங்களுக்கு அது ஆற்றின் வழியாகப் புரிந்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய அணையில் சாயக்கழிவு நீர்தான் தேங்கியது. கிணற்று நீர் உப்பாகி, தென்னை குருத்து வற்றியது. தொடக்கத்தில் நாங்களும், ‘ஆறு கெட்டுவிட்டது, ஐயா தயவு செய்ய வேண்டும்’ என்றுதான் மனு எழுதினோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊரிலிருந்த ஓர் ஆசிரியர் சொன்னபடி, மாதந்தோறும் ஒரே கிணற்றில் ஒரே ஆழத்தில் நீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து, தேதி போட்டுச் சீட்டுகளை அடுக்கி வைத்தோம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006இல் உத்தரவு வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

தந்தையின் வேலை பற்றிய உங்கள் அம்மாவின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. அந்தப் பட்டறைகளில் வேலைக்குப் போனவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் தம்பி மகனும் போனான். மூடிய மாதத்தில் அவன் வீட்டில் அடுப்பெரியச் சிரமப்பட்டார்கள். அவன் என்னோடு ஓராண்டு பேசவில்லை. நீதி கேட்பவர்கள் இதையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இதை வைத்திருக்காதீர்கள். ஒருவராக இருந்தால் அந்த ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்துக்காக எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறை மனு கொடுத்தது. 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்டு 17ஆம் நாள்தான் 1,045 குளம் குட்டைகளுக்கான தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பொறுமைக்கு இதை உதாரணமாகப் பலர் சொல்வார்கள். குளம் அறுபது ஆண்டு காத்திருந்தது. பாடையால் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே உங்கள் மனுவில் காலக்கெடுவைக் கேட்டு எழுதுங்கள்.

பதில்: முன்னாள் வார்டு உறுப்பினர்

தங்கச்சி, நானும் உங்களைப் போன்ற ஒரு குடியிருப்பில் பிறந்தவள்தான். ஊராட்சியில் ஐந்தாண்டு உட்கார்ந்திருந்ததில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் பாதையைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறினால், அடுத்த மனு உங்கள் மனு அல்ல, ஊரின் கோரிக்கை.

ஆனால் ஒன்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து வருகைக்கு என்று கையெழுத்து வாங்குவார்கள். பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தீர்மானங்கள் பிறகு நிரப்பப்படும். எங்கள் ஊரில் தெருவிளக்கு கேட்டு நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு மாதம் கழித்து நகல் வாங்கிப் பார்த்தபோது அதில் தெருவிளக்கு என்ற சொல்லே இல்லை. அடுத்த முறை, எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று இருபத்தாறு பெண்கள் திண்ணையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தோம். செயலர் எழுதினார், வாசித்தார், அதன்பின் கையெழுத்திட்டோம்.

கையெழுத்துக்கு மகளிர் குழு மூலமாகப் போங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஆறு பேரையும் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் வேறு யாராவது விரும்பினால் இடட்டும். உங்கள் தந்தையிடம், ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று அவர் சொல்லிக்கொள்ளும் வழியை மிச்சம் வையுங்கள். அது கோழைத்தனம் ஆகாது. நாற்பது வீட்டில் முப்பத்து நான்கு வீடு போதும்.

ஊர்ப்பக்கத்திலும் இரண்டு மூன்று பேர் கையெழுத்திடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்த இட்டேரிக்கு அப்பால் காடு உள்ளவர்கள் யாராவது இருப்பார்கள் அல்லவா? டிராக்டர் கொண்டுபோக வழியில்லாமல் அவர்களும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பார்கள். போய்க் கேளுங்கள்.

பதில்: ஈரோட்டு வழக்கறிஞர்

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு முக்கியமான பகுதியை அனைவரும் மென்மையாகத் தாண்டிவிட்டார்கள். இது பாதைத் தகராறு மட்டுமல்ல. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. அதன் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மயானத்தையோ பாதையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பது 3(1)(za) பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டத்தின் விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அக்குழுவுக்கும், ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் மனுவின் நகலை அனுப்புங்கள். திங்கட்கிழமைக் குவியலில் விழும் மனுவும் இந்தக் குழுவின் முன் வைக்கப்படும் மனுவும் ஒன்றல்ல.

பொதுவழியை அடைத்த தடையை அகற்ற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியரே நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவுதான் இது. வழக்கு என்று வந்தால் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு சுவர் இடிந்து, பட்டியல் சாதிக் குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாகக் குடியிருப்பு மக்கள் கூறினார்கள். முறையிட்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அன்றிலிருந்துதான்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

வழக்கறிஞர் சொன்ன சட்டத்தை நான் மறக்கவில்லை. அதை முதல் மனுவிலேயே எழுதினால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், அளவைக்கு வரும் சர்வேயரும் தயங்குவார் என்ற எண்ணத்தில்தான் தள்ளி வைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், மூன்று முறை ‘பாதை’ என்று மட்டும் எழுதிக் கேட்டாகிவிட்டது. நான்காவது முறையும் அப்படியே கேட்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் சொன்னபடி நகல் அனுப்புங்கள்.

மீண்டும்: மேட்டாங்காட்டுப் பெண்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்குத் தெரிந்தே, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இணையதளத்தில் புலப்படத்தைத் திறந்து பார்த்தேன். இட்டேரிக்குத் தனி உட்பிரிவு எண் இருக்கிறது. அ-பதிவேட்டில் அதற்கு நேரே ‘வண்டிப்பாதை’ என்று இருக்கிறது. எங்கள் மயானம் வரை அந்தக் கோடு போகிறது. அப்பா விரலை வைத்துக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தி, ‘இங்கேதான் உன் பாட்டனார் புளியங்கன்று வைத்தார்’ என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அக்கா சொன்னபடி இட்டேரிக்கு அப்பால் காடு வைத்திருக்கும் இருவரையும் பார்த்தேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். மற்றவர் அங்கேயே கையெழுத்திட்டுத் தந்தார். மனுவை இப்படித் தொடங்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்: ‘ஏழை எளிய மக்களாகிய நாங்கள் பல ஆண்டுகளாகப் பாதை இல்லாமல் அல்லல்படுவதால் சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’

பதில்: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

அம்மிணி, அந்த வரியில் ஓர் அலுவலர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை. ‘ஆவன செய்க’ என்று கேட்டால் ‘ஆவன செய்யப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடலாம். பாதை ‘இல்லை’ என்றும் நீங்கள் எழுதக் கூடாது. பாதை இருக்கிறது, அடைத்திருக்கிறார்கள். இப்படி எழுதுங்கள்:

‘எங்கள் கிராமத்தில், அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று பதிவான இன்ன உட்பிரிவு எண்ணில், எங்கள் மயானத்துக்குச் செல்லும் வழியை மறித்துக் கல்லுக்காலும் முள்கம்பியும் நடப்பட்டுள்ளன. இந்த எண்ணை எங்கள் முன்னிலையில் 15 நாட்களுக்குள் அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அகற்றித் தர வேண்டும். பட்டா நிலம் என்று முன்பு வந்த பதில் இந்தப் பதிவேட்டுக்கு முரணானது; அதன் நகலும் புலப்பட நகலும் இணைக்கப்பட்டுள்ளன.’

அதற்குக் கீழே கையெழுத்துகள் வரட்டும். முகவரிப் பகுதியில் ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், கண்காணிப்புக் குழு என நான்கையும் எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் நகலின் முதல் பக்கத்திலும் முத்திரை வாங்குங்கள். அளக்க வரும் நாளை முன்கூட்டியே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். அன்று உங்கள் சித்தப்பாவையும் அழைத்து வந்து, மூன்றடி இருக்கும் அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று எனக்கு மட்டும் தனிச்செய்தியில் தெரிவித்தால், நானும் வந்து சங்கிலி பிடிக்கும் இடத்தில் நிற்கிறேன்.